எலுமிச்சை உப்பும் அதன் உபயோகங்களும்

கோடையில் எலுமிச்சம்பழச் சாறு கலந்த பானகம் பருகாத குடும்பம் நம் நாட்டில் இல்லை. அச்சாற்றின் புளிப்புக்குக் காரணமான பொருளைத் தனியே பிரித்தெடுத்தால், கற்கண்டுத் தூள் போன்ற வெண்ணிறப் பளிங்குகள் கிடைக்கும். இதனை இரசாயன நூலார் சிட்ரிக் அமிலம் என்பர். மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் இதனையே கொடுப்பார்கள். பெயரில் உப்பு என்று இருப்பினும் இது உப்பன்று. அமில வகையைச் சேர்ந்தது.

இப்பொருளைப் பற்றி விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மழைக்காலத்தில் எலுமிச்சையின் தேவை குறைந்து விலை சரியும்போது, பறிகூலிக்கும் கட்டாமல் பழங்கள் மரத்தடியிலேயே வீணாகின்றன. அச்சமயங்களில், "இப்பழங்களிலிருந்து எலுமிச்சை உப்பு எடுத்து விற்கலாகாதா?" என்ற கேள்வி எழுவது இயல்பே. இரண்டாவது, விருதுநகர் ஜில்லாவில் இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அணித்தான ஆலங்குளம் போன்ற சுண்ணாம்புக்கல் பூமிகளில், கிணற்று நீரின் கடினத்தன்மையால் நேரும் தொல்லைகளுக்கு இவ்வமிலம் ஒரு நல்ல பரிகாரமாகும். (தென்காசி ஜில்லாவிலுள்ள ஆலங்குளம் வேறு, இங்குக் குறிப்பிடுவது சிமெண்டு ஆலையுள்ள ஆலங்குளம்.) இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு இப்பொருளின் தன்மையையும் பயன்களையும் ஈண்டு விளக்குவோம்.

இதன் இயல்பு

சிட்ரிக் அமிலம் கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் மூன்று மூலப்பொருள்களால் ஆயது. நிறமும் மணமும் இல்லாதது. நீரில் மிக எளிதாகக் கரையும். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு வரை இவ்வமிலம் இருக்கும். நாரத்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு, தக்காளி முதலியவற்றிலும் வெவ்வேறு அளவில் உண்டு.

புளிப்பாயுள்ளவை அனைத்திலும் இதுவே இருக்கிறது என்று எண்ணுதல் தவறு. புளியம்பழத்தின் புளிப்புக்கு முக்கிய காரணம் டார்டாரிக் அமிலம். தயிரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். காடியில் இருப்பது அஸெடிக் அமிலம். அவ்வாறே, எலுமிச்சை உப்பும் வைட்டமின் 'ஸி'யும் ஒன்றே என்று பலர் கருதுகின்றனர். அதுவும் சரியன்று. எலுமிச்சம்பழத்தில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. எனினும் அவை வெவ்வேறு பொருள்கள். வைட்டமின் 'ஸி' குறைவால் ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி என்னும் நோய் பழச்சாற்றால் குணமாகுமேயன்றி, எலுமிச்சை உப்பைக் கரைத்துக் குடிப்பதால் குணமாகாது. ஆகையால் பழத்தின் இடத்தை இத்தூள் முழுவதும் நிரப்பிவிடும் என்று நம்பலாகாது.

பழத்திலிருந்து பூசணத்திற்கு

1784-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து இரசாயன அறிஞர் ஷீலே என்பவர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து இவ்வமிலத்தை முதன்முதலாகப் பளிங்குருவில் பிரித்தெடுத்தார். காய்ச்சிய சாற்றில் சுண்ணாம்புப் பொருளைச் சேர்த்தால், அமிலம் சுண்ணாம்புடன் கூடிக் கரையாத படிவாக அடியில் தங்கும். அப்படிவைக் கழுவிக் கந்தக அமிலத்தைச் சேர்த்தால், சுண்ணாம்பு ஜிப்சமாகப் பிரிய, சிட்ரிக் அமிலம் நீரில் நிற்கும். அந்நீரை வடித்துச் சுண்டவைத்தால் பளிங்குகள் கிடைக்கும். இம்முறையைக் கொண்டே இத்தாலி தேசம், தன் எலுமிச்சைத் தோட்டங்களின் பலத்தால், நெடுங்காலம் இவ்வியாபாரத்தில் முதன்மை பெற்றிருந்தது.

1893-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வேமர், சர்க்கரைக் கரைசலில் வளரும் சில பூசணங்கள் சிட்ரிக் அமிலத்தை உண்டாக்குவதைக் கண்டார். 1917-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கர்ரி என்பவர், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூசணம் இவ்வேலையை மிகத் திறமையாகச் செய்வதை விளக்கினார். முதல் உலக யுத்தத்தால் இத்தாலியச் சரக்கு தடைப்பட்டிருந்த காலம் அது. 1919-இல் பைஸர் கம்பெனியார் நியூயார்க்கில் பூசண முறையில் உற்பத்தியைத் தொடங்கினர். பழத்தை நம்பியிருந்த பழைய தொழில் அதன்பின் படிப்படியாக நசித்துப்போயிற்று. இன்று உலகில் ஆண்டுதோறும் இருபது லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியாகும் இவ்வமிலம், ஏறக்குறைய முழுவதும், சர்க்கரைக் கழிவுப் பாகிலிருந்தும் மக்காச்சோள மாவுச் சத்திலிருந்தும் பூசணத்தின் உதவியாலேயே பெறப்படுகிறது. சீன தேசமே உற்பத்தியில் முதலிடம் வகிக்கிறது.

இக்கரும்பூசணம் நம் குடியானவர்களுக்குப் புதியதன்று. சேமித்து வைத்த வெங்காயத்தின் தோலில் கரித்தூள் போலப் படிவதும், நிலக்கடலை நாற்றின் கழுத்துப் பகுதியை அழுகச் செய்வதும் இதுவே. வயலில் பகையாகிய இது, தொழிற்சாலையில் வேலையாளாகிறது. சர்க்கரை மிகுந்தும் இரும்பு, மாங்கனீஸ் முதலிய உலோகச் சத்துகள் மிகக் குறைந்தும் உள்ள புளிப்பான கரைசலில், வேண்டிய காற்றைச் செலுத்தி இதனை வளர்த்தால், தான் உண்ட சர்க்கரையின் பெரும்பகுதியைச் சிட்ரிக் அமிலமாக மாற்றி வெளியிடுகிறது. சில நாள்களில் வேலை முடிந்துவிடும். பின்னர்ச் சுண்ணாம்பும் கந்தக அமிலமும் கொண்டு அமிலத்தைப் பிரிப்பது, ஷீலே கையாண்ட அதே வழிதான்.

நம் எலுமிச்சையிலிருந்து எடுக்கலாமா?

இனி, முதலிற் கூறிய கேள்விக்கு வருவோம். தென்பாண்டி நாட்டில் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன சந்தை. அங்கும் சுற்றுப்புறங்களிலும் விளையும் பழங்களில் 100 கிலோவைப் பிழிந்தால் சுமார் 40 கிலோ சாறு கிடைப்பதாகக் கொள்வோம். சாற்றில் நூற்றுக்கு 6½ பங்கு அமிலம் என்றால், அதில் அடங்கியது 2 கிலோ 600 கிராம். பிரித்தெடுப்பதில் ஏற்படும் சேதம் போக இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்டே கைக்கு வரும். பூசண முறையிலோ, 100 கிலோ சர்க்கரையிலிருந்து 70 கிலோவுக்குக் குறையாமல் அமிலம் எடுக்கிறார்கள். எனவே ஒரு குவிண்டால் எலுமிச்சையின் விலை, இரண்டு கிலோ எலுமிச்சை உப்பின் கடை விலையினும் தாழ்ந்தாலன்றி இம்முயற்சியில் கூலியும் கிட்டாது. கந்தக அமிலத்தைக் கையாளும் அபாயமும் உடன் உண்டு. ஆதலின் எலுமிச்சை விவசாயிகள் இத்தொழிலில் பணம் போடாதிருத்தலே நன்று.

ஆயின், பழங்கள் வீணாகத்தான் வேண்டுமா எனின், வேண்டியதில்லை. எலுமிச்சையின் மதிப்பு அதன் புளிப்பில் மட்டும் இல்லை. மணத்திலும் சுவையிலும் வைட்டமினிலும் இருக்கிறது. தூளில் இல்லாதவை இவையே. சாறு, பானகப் பாகு, ஊறுகாய், உப்பிட்டு உலர்த்திய எலுமிச்சை, தோலிலிருந்து எடுக்கும் வாசனைத் தைலம் ஆகியவற்றில் இம்மதிப்பு காக்கப்படுகிறது. தூளோடு விலையில் போட்டியிடாமல், தூளால் தரமுடியாததை விற்பதே அறிவுடைமை. ஒருவர் தனியே செய்வதினும், ஊரார் பலர் உற்பத்தியாளர் சங்கமாகக் கூடிச் சாறு பிழியும் கருவியும் குளிர்ப்பதன வசதியும் ஏற்படுத்திக்கொண்டால், விலை சரியும் காலத்துச் சரக்கைக் கோடைவரை காக்க முடியும்.

அடுக்களையில்

எலுமிச்சை உப்பு உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள். உணவுப் பொட்டலங்களின்மேல் ஐ.என்.எஸ். 330 என்று அச்சிட்டிருப்பது இதனையே குறிக்கும்.

ஜாம் காய்ச்சும்போது பழத்திலுள்ள பெக்டின் என்னும் பொருள் உறைவதற்கு, சர்க்கரையோடு போதிய புளிப்பும் வேண்டும். நன்கு பழுத்த கொய்யா, பப்பாளி முதலியவற்றில் புளிப்பு குறைவாகையால், சிறிது எலுமிச்சை உப்பு சேர்த்தால் ஜாம் இறுகிவரும். சர்க்கரைப் பாகில் ஒரு சிட்டிகை சேர்த்துக் காய்ச்சினால், சர்க்கரையில் ஒரு பகுதி இருவகைச் சிறு சர்க்கரைகளாகப் பிரிந்து, பாகு ஆறியபின் கற்கண்டாகப் பூத்துப்போவதைத் தடுக்கும். நறுக்கிய ஆப்பிள், வாழைக்காய், கத்தரிக்காய் ஆகியவை கறுக்காமல் இருக்கவும் இதன் மெல்லிய கரைசல் உதவும்.

இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் முதலியவற்றில் மிகுதியாக விளைந்தவற்றைப் பானகப் பாகாக்கிச் சேமிக்கலாம். அதற்குரிய அளவு: வடித்த மாம்பழக் கூழ் 1 கிலோ, சர்க்கரை 1¼ கிலோ, தண்ணீர் 1 லிட்டர், எலுமிச்சை உப்பு 30 கிராம். சர்க்கரையையும் அமிலத்தையும் தண்ணீரில் இட்டுக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியபின் கூழுடன் கலக்க வேண்டும். நெடுநாள் வைத்திருக்க, பொட்டாசியம் மெட்டாபைஸல்பைட் ஒன்றேமுக்கால் கிராமைச் சிறிது நீரில் கரைத்துச் சேர்த்து, கொதிநீரில் சுத்தம் செய்த புட்டிகளில் அடைக்கலாம். பருகும்போது மும்மடங்கு நீர் கலந்துகொள்க. எலுமிச்சைப் பாகு செய்வோர்க்கு இவ்வமிலம் வேண்டியதில்லை; சாற்றிலேயே போதியது உண்டு.

தகரங்களிலும் புட்டிகளிலும் உணவை அடைத்து வைப்போர் ஒன்றை நன்கு நினைவில் வைத்தல் வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர், பி.எச். அளவு 4.6-க்குக் கீழ்ப்பட்ட புளிப்பில் வளராது. தக்காளியைப் புட்டியில் அடைப்போர் எலுமிச்சை உப்பு சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. உயிர்க் காப்புக்காகவும் ஆகும்.

பால் பண்டங்களில்

ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சுவதே அப்பண்டத்தின் முறை. அதற்குப் புளிப்பு உதவாது. புளிப்பேறிய பால் காய்ச்சும்போது திரிந்துவிடுமாதலால், கறந்த பாலைச் சுத்தமான பாத்திரத்தில் விரைவாகக் கொண்டு சேர்ப்பதே பால்கோவாவுக்கு முதல் இலக்கணம்.

ஆனால் பன்னீர்க் கட்டி செய்யப் பாலைத் திரிக்கவே வேண்டும். பாலை 80 டிகிரிக்குச் சற்று மேல் ஐந்து நிமிஷம் காய்ச்சி, 70 டிகிரிக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் வீதம் எலுமிச்சை உப்பை 200 மில்லி லிட்டர் வெந்நீரில் கரைத்து, மெல்லக் கலக்கிக்கொண்டே ஊற்றவேண்டும். தெளிந்த பசுமஞ்சள் நீர் பிரிந்தவுடன் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பின்பு துணியில் வடித்துப் பாரம் ஏற்றினால் கட்டியாகும். புளித்த மோரைக் கொண்டும் பாலைத் திரிக்கலாம்; எனினும் அதன் புளிப்பு நாளுக்கு நாள் மாறும். எலுமிச்சை உப்பின் அளவோ மாறாது. ஒரே தரமான சரக்கை விற்க விரும்புவோர்க்கு இது பெரிய வசதி.

சுண்ணாம்பு நீரும் ஆலங்குளமும்

ஆலங்குளத்தின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் படிவம் உண்டு. அதனை ஆதாரமாகக் கொண்டே அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை 1970-இல் அங்கே நிறுவப்பட்டது. 1976-இல் ஏற்பட்ட தமிழ்நாடு சிமெண்டு கழகத்தின் கீழ் அது வந்தது. ஆலைக்குச் செல்வமாகிய சுண்ணாம்பு, கிணற்று நீருக்குக் குறையாகிறது. இத்தகைய பூமியின் ஊடே ஊறும் நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்து நிற்கும். காய்ச்சும்போது அது வெண்ணிறப் பாறை போல அண்டாவின் அடியில் படியும். சொட்டு நீர்ப் பாசனக் குழாயில், வெயிலில் நீர் உலரும் வேளையில் துளைவாயிலேயே படிந்து அடைத்துவிடும். ஒரு துளை அடைபட்டால் ஒரு செடி வாடும்.

இப்படிவை எலுமிச்சை உப்பு கரைக்கும். 100 கிராம் அமிலம் ஏறத்தாழ 75 கிராம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க வல்லது. பாத்திரங்களுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். பித்தளை, செம்புப் பாத்திரங்களின் களிம்பையும் இரும்பின் துருவையும் நீக்கவும் இது பயன்படும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் ஊறவிடலாகாது.

சொட்டுக் குழாய்களுக்குப் பெரிய தோட்டங்களில் ஹைட்ரோகுளோரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலத்தை உபயோகிக்கின்றனர். அவை விலை மலிந்தவை; ஆனால் முன்னது கையையும் கண்ணையும் சுட்டுவிடும். சிறு தோட்டக்காரர் கழற்றிய சொட்டுவாய்களையும் வடிகட்டிகளையும் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். ஒரு குறிப்பு: கரைந்த சுண்ணாம்பு மிகுந்து அமிலம் குறைந்துபோனால், இரண்டும் கூடிய கால்சியம் ஸிட்ரேட் திரும்பவும் படியக்கூடும். ஆகையால் கரைசல் வேலை செய்து ஓய்ந்ததும் தங்கவிடாமல் நல்ல நீரால் அலசி வெளியேற்ற வேண்டும்.

மருந்து தெளிக்கும் நீர்

கடின நீரால் நேரும் மற்றொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சி மருந்துகள் பல, காரத்தன்மையுள்ள நீரில் கலந்தவுடன் சிதையத் தொடங்கும். தொட்டியில் நெடுநேரம் நின்றால் வீரியம் பெரிதும் குறையும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைக் கால்சியம் பிணித்துக்கொள்ளும். "மருந்து சரியில்லை" என்று கடைக்காரரைக் குறைகூறும் சில இடங்களில் குற்றம் நீரின்பாற்பட்டது.

பி.எச். காட்டும் தாளைக் கொண்டு நீரைச் சோதித்து, 7½-க்கு மேற்பட்டிருந்தால், 10 லிட்டர் நீரில் ஒவ்வொரு கிராமாக எலுமிச்சை உப்பைக் கரைத்து, 6-க்கு அருகில் வரும்வரை பார்க்க வேண்டும். ஒருமுறை கண்ட அளவை அக்கிணற்று நீருக்கு அப்பருவத்தில் கையாளலாம். நீரில் முதலில் அமிலத்தைக் கலந்து, பின்னரே மருந்தைச் சேர்த்தல் முறை. செம்பு சேர்ந்த பூசணக்கொல்லிகளுக்கும் போர்டோக் கலவைக்கும் இதனைச் செய்யவே கூடாது. புளிப்பில் செம்பு மிகுதியாகக் கரைந்து இலைகளைக் கருக்கிவிடும். எம்மருந்தாயினும் அதன் சீட்டில் கூறியிருப்பதே முடிவு.

தொழிற்சாலைகளில்

உலகில் உற்பத்தியாகும் எலுமிச்சை உப்பின் பெரும்பகுதி உணவுப் பண்டங்களுக்கும் குளிர்பானங்களுக்குமே செல்கிறது. எஞ்சியது பல தொழில்களில் பயன்படுகிறது.

சிமெண்டுடன் நீர் சேர்ந்தவுடன் இறுகத் தொடங்கும். மிக விரைவில் இறுகாதிருக்க ஆலையிலேயே ஜிப்சம் சேர்த்து அரைக்கின்றனர். வெயில் மிகுந்த இடங்களிலும் தொலைவிற்குக் கலவையைக் கொண்டு செல்லும்போதும் இன்னும் தாமதம் வேண்டுமாயின், சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான சிட்ரிக் அமிலமே போதிய தடையாகும். அளவு மிஞ்சினால் கலவை இறுகாமலே கெடும். ஆதலால் வீட்டு வேலையில் இதனைப் பரீட்சிக்கலாகாது. இறுகிய சிமெண்டுத் தரையையோ சலவைக்கல்லையோ இவ்வமிலம் அரிக்குமாதலின், அவற்றைத் துடைக்கவும் இது ஆகாது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்கட்டும் துணி நெய்வதில் பெயர் பெற்ற ஊர். பொதுவாகப் பருத்தித் துணியைக் காரத்தில் வேகவைத்து வெளுத்தபின், தங்கிய காரத்தைப் போக்க மெல்லிய அமிலத்தில் அலசுவது முறை. அதற்கு அஸெடிக் அமிலத்தைப் போலவே சிட்ரிக் அமிலமும் ஏற்றது. சலவைத் தூள்களில் நீரின் கடினத்தைப் போக்கச் சேர்த்துவந்த பாஸ்பேட்டுகள் குளங்களில் பாசியைப் பெருக்குவது கண்டு, அவற்றிற்குப் பதிலாக ஸிட்ரேட்டுகளைச் சேர்க்கும் வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. பால் பண்ணைக் குழாய்களில் படியும் பாற்கல்லை நீக்கவும், எஃகுச் சாமான்களைத் துருப்பிடிக்காதவாறு பக்குவம் செய்யவும் இவ்வமிலம் உதவுகிறது.

வைத்தியத்தில்

வெளியே எடுத்த இரத்தம் சில நிமிஷங்களில் உறைந்துவிடும். உறைவதற்குக் கால்சியம் வேண்டும். சோடியம் ஸிட்ரேட் அக்கால்சியத்தைப் பிணித்துக்கொள்வதால் இரத்தம் உறையாமல் நிற்கும். 1914-இல் பெல்ஜியத்திலும் அர்ஜென்டினாவிலும் மருத்துவர்கள் இதனைக் கையாண்டு இரத்தம் செலுத்திக் காட்டினர். இன்றைய இரத்த வங்கிகள் இவ்வுண்மையின்மேல் நிற்பவையே. வயிற்றுப்போக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்திலும், ஒரு லிட்டருக்கு 2.9 கிராம் வீதம் ஸிட்ரேட் உப்பு சேர்ந்திருக்கிறது. நீரில் இட்டவுடன் பொங்கும் மாத்திரைகள், சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்ந்து கரியமில வாயுவை விடுவதால் பொங்குகின்றன.

நம் உடலும் இப்பொருளை அறியாததன்று. உண்ட உணவு உயிரணுக்களில் சக்தியாக மாறும் வழியில் சிட்ரிக் அமிலம் ஒரு படி என்பதை 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர் கண்டு, 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

எச்சரிக்கைகள்

1. எலுமிச்சை உப்பையோ வேறெந்த அமிலத்தையோ ப்ளீச்சிங் பவுடருடன் கலக்கவே கூடாது. உடனே குளோரின் என்னும் நச்சு வாயு எழும். சொட்டுக் குழாய்களில் பாசி நீக்கக் குளோரினும் சுண்ணாம்பு நீக்க அமிலமும் செலுத்துவோர், இரண்டையும் வெவ்வேறு நாள்களில், இடையே நன்றாக அலசிவிட்டுச் செய்தல் வேண்டும்.

2. சர்க்கரை, உப்பு ஆகியவற்றினின்று வேறுபாடு தெரியாதாகையால், பெயரெழுதிய புட்டியில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். காற்றின் ஈரத்தில் கட்டிபிடிக்கும். மூடி இறுக்கமாயிருத்தல் அவசியம்.

3. உணவுக்கென விற்கும் சரக்கை மட்டுமே உணவில் சேர்க்க வேண்டும். தொழிற்சாலைக்குரிய மலிவான சரக்கு உணவுக்கு ஆகாது.

4. அடிக்கடி உட்கொண்டால் பற்களின் மேற்பூச்சு அரிபடும். புண்ணுள்ள கையாலும் கண்ணருகிலும் கரைசலைக் கையாளலாகாது.

சுருங்கக் கூறின், எலுமிச்சை உப்பு விவசாயி உற்பத்தி செய்து இலாபம் காணக்கூடிய பொருளன்று. வாங்கிப் பயன்படுத்தி இலாபம் காணக்கூடிய பொருள். சில கிராம் தூள் ஒரு தொட்டி மருந்தின் வீரியத்தைக் காக்கும். ஒரு கைப்பிடித் தூள் அடைபட்ட சொட்டுவாய்களைத் திறக்கும். எலுமிச்சை பயிரிடுவோர் தம் பழத்தின் மணத்தையும் சுவையையும் விலையாக்கவும், கடின நீருள்ள ஊரினர் தம் கிணற்று நீரை ஒருமுறை சோதித்தறியவும் முற்படுவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறும்.